‘ரெடி டு ப்ளே’: ஒரு ஸ்டிக்கரின் விலை 9,500 ரூபாய்

ஒன்பது பந்து. ஸ்கோர் நோட்டு எழுதியது நான்தான், அதனால் எண்ணிச் சொல்கிறேன். எங்கள் டீம் ஓப்பனர் தன் புது பேட்டால் ஆடியது மொத்தம் ஒன்பதே பந்து. ஒன்பதாவது யார்க்கர். அழகாகத் தடுத்துவிட்டான், அவுட் இல்லை. ஆனால் பேட்டின் அடிநுனி, அதாவது நாங்கள் ‘டோ’ என்று சொல்கிற இடம், விறகைப் பிளந்த மாதிரி நீளமாகப் பிளந்துவிட்டது. இடம் ஸ்ரீவில்லிபுத்தூர், மேட்டிங் விக்கெட், காலை ஒன்பதரை மணி. எதிர் டீம் விக்கெட் கீப்பர்கூட “அடப்பாவமே” என்றுதான் சொன்னான்.

பேட்டின் விலை 9,500 ரூபாய். ஒன்பதால் வகுத்தால் ஒரு பந்துக்கு ஆயிரத்துச் சொச்சம். பி.காம். படிக்கிறவனுக்கு இந்த மாதிரி நேரத்திலும் கணக்குதான் முதலில் வருகிறது, மன்னிக்கவும்.

அந்த 9,500 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவன் அம்மா ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்க்கிறார். ஏலச்சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து, அதில் நஷ்டப்பட்டது போக மிச்சம் கைக்கு வந்த பணம். “லீக் மேட்ச் ஆடப் போறேன்மா, இங்கிலீஷ் வில்லோ பேட் இல்லாம ஆட முடியாது” என்று மூன்று மாதம் நச்சரித்து வாங்கினான். ஒரு பெரிய ஊருக்குப் போய், பெரிய கடையில், பத்து பேட்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தான். பேட்டின் முதுகில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். ‘ரெடி டு ப்ளே’.

பிளந்த பேட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அதே கடைக்குப் போனோம். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

“அண்ணே, போன வாரம் வாங்கினது. ஒன்பது பந்துதான் ஆடுனேன்.”

“தம்பி, இது மரம். மரத்துக்கு யாரு கேரண்டி குடுப்பா?”

“ஒன்பது பந்துண்ணே.”

“எண்ணெய் போட்டியா? நாக்கிங் பண்ணுனியா?”

“பேட்லயே ரெடி டு ப்ளேன்னு ஒட்டியிருந்துச்சேண்ணே.”

“அது கம்பெனிக்காரன் ஒட்டுறது. நாம பண்ண வேண்டியத நாமதான் பண்ணணும்.”

இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான். எண்ணெய் போட்டியா, நாக்கிங் பண்ணுனியா என்ற கேள்வி, பேட் உடைந்து திரும்பி வந்த பிறகு இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறதே, பணத்தை எண்ணி வாங்கின அன்றைக்கு ஏன் வரவில்லை? அன்றைக்கு “இதை வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் பழக்கணும் தம்பி” என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு

டென்னிஸ் பந்து ஆடுகிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எந்தப் பேட்டையும் அன்றே எடுத்து அன்றே சாத்தலாம். பிரச்சினை லெதர் பந்துக்கு மாறும்போதுதான்.

இங்கிலீஷ் வில்லோ என்பது சாலிக்ஸ் ஆல்பா சீருலியா என்கிற மரம். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ், சஃபோக் பக்கம் ஈரமான மண்ணில் வளர்கிறது. 1894-இல் இருந்து இந்த மரத்தை வளர்த்து வெட்டி விற்கிற ஜே.எஸ். ரைட் அண்டு சன்ஸ் மாதிரியான ஆட்களிடம் இருந்து துண்டு துண்டாக வாங்கி, மீரட்டிலும் ஜலந்தரிலும் பேட்டாகச் செதுக்குகிறார்கள். இந்த மரத்தின் விசேஷமே அது மெத்தென்று, எடை குறைவாக இருப்பதுதான். அதனால்தான் பந்து பட்டதும் ஸ்பிரிங் மாதிரி தள்ளிவிடுகிறது.

மெத்தென்று இருக்கிற மரத்தை அப்படியே லெதர் பந்துக்கு எதிரே நிறுத்தினால் நசுங்கும். அதனால் தொழிற்சாலையில் பேட்டின் முகத்தை ரோலரில் கொடுத்து பலமாக அழுத்துகிறார்கள். மேல் நார்கள் நெருங்கி இறுகும். இதிலும் ஒரு சிக்கல். ரொம்ப அழுத்தினால் மரம் கல்லாகிவிடும், பந்து போகாது. கம்மியாக அழுத்தினால் சீக்கிரம் உடையும். ஆகவே நல்ல பேட் செய்கிறவர் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் அனுப்புவார். அது மட்டுமில்லை, ரோலர் தட்டையான முகத்தைத்தான் அழுத்தும். ஓரங்களும் அடிநுனியும் அதற்குச் சிக்காது. யார்க்கர் வந்து இறங்குவதும், எட்ஜ் வாங்குவதும் சரியாக அந்த இடங்களில்தான்!

அந்த மிச்ச வேலையைத்தான் நாக்கிங் என்கிறார்கள். மரச் சுத்தியலால் தட்டித் தட்டி மரத்தை இறுக்குவது. அதற்கு முன்னால் ஆளி விதை எண்ணெய் பூசுவது. மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும், வெளி ஈரம் உள்ளே போகாமல் இருக்கவும்.

இப்போது வருகிற பேட்டுகளுக்கு இது முன்பைவிட அதிகமாகத் தேவை. ஓரம் தடியாகவும் இருக்க வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. அதற்காக மரத்தை ரொம்பக் காய வைக்கிறார்கள். தடி எந்த அளவுக்குப் போனது என்றால், 2017 அக்டோபரில் எம்.சி.சி. விதியே போட வேண்டி வந்தது. ஓரம் 40 மில்லிமீட்டர், நடுத்தடிமன் 67 மில்லிமீட்டர், அதற்கு மேல் கூடாது என்று. காய்ந்த மரம் அடிக்க நன்றாக இருக்கும், ஆனால் ஆயுசு குறைவு. பழக்காமல் இறக்கினால் ஒன்பது பந்து.

நம்ம வீட்டில் தெரியாத விஷயமா இது?

எனக்குக் கோபம் வருவதே இங்கேதான். பழக்குவது நமக்குப் புதுசே இல்லை.

புது மண்சட்டி வாங்கி வந்தால் என் அம்மாச்சி அன்றைக்கே அடுப்பில் ஏற்றினதாகச் சரித்திரமே கிடையாது. தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவின தண்ணியை ஊற்றிக் கொதிக்கவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் குழம்பு. புது இரும்பு தோசைக்கல் என்றால் நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, முதல் நாலு தோசையைப் பிய்த்து எடுத்து, அப்புறம்தான் ஒழுங்கான தோசை. “கல்லு இன்னும் பழகலப்பா” என்பார். கல்லின் மேல் குற்றம் சொன்னதே கிடையாது, பழக்காதவர்கள் மேல்தான்.

சரி, அது அடுப்படி சமாச்சாரம் என்பீர்கள். ராஜபாளையம் மில் ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் தொடங்கினதில் இருந்து இந்த ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் மில்லுக்குப் போகிறவர்தான். எங்கள் தெருவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமாவிடம் கேட்டேன். ரிங் ஃப்ரேமில் புது ரிங் மாட்டினால் முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டுவீர்களா என்று. சிரித்தார். “வேகத்தைக் குறைச்சு வச்சு ஓட்டணும். டிராவலரை அடிக்கடி மாத்திக்கிட்டே இருக்கணும். ரிங் பழகுனப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா வேகம் ஏத்துவோம். அவசரப்பட்டா ரிங் போச்சு.”

அடுப்படியில் தெரியும், மில்லில் தெரியும். விளையாட்டுக் கடையில் மட்டும் யாருக்கும் தெரியாது. ஏன்?

நாலு வாதங்கள், நாலுக்கும் பதில்

இதைப் பற்றி டீமில் பேசினபோது வந்த எதிர்ப்பேச்சுகளை வரிசையாக எடுத்துக் கொள்கிறேன்.

முதலாவது: “ஸ்டிக்கரில் போட்டிருக்கே, கம்பெனியே மெஷினில் தட்டி அனுப்புறான்.” உண்மை, சிலர் மெஷினில் தட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அப்படி அனுப்புகிறவர்களிலேயே யோக்கியமாகப் பேசுகிறவர்கள், “வீட்டிலும் ஒன்றிரண்டு மணி நேரம் தட்டுங்கள், பழைய பந்தில் ஆடிப் பாருங்கள், பிறகு மேட்சுக்குப் போங்கள்” என்றுதான் சொல்கிறார்கள். அப்படியென்றால் அது ‘ரெடி’ இல்லையே? முக்கால்வாசி வெந்த சோற்றை ‘சாப்பிடத் தயார்’ என்று பரிமாறலாமா? எந்தப் பேட்டை எவ்வளவு நேரம் தட்டினார்கள், ஓரத்தைத் தட்டினார்களா, டோவைத் தட்டினார்களா என்று அந்த ஸ்டிக்கரில் ஒரு எழுத்தும் இல்லை. ஸ்டிக்கர் அடிப்பதற்கு நம்ம சிவகாசி போதும். மரத்தை இறுக்குவதற்குச் சுத்தியல்தான் வேண்டும்.

இரண்டாவது: “வித்தை கையில இருக்கு மாப்ள, பேட்ல என்ன இருக்கு?” சீனியர்கள் சொல்கிற டயலாக். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்கிற சீனியருக்கு மாமா துபாயில் இருந்து பேட் அனுப்புவார். ஒரு பேட் உடைந்தால் அடுத்த பேட் வருகிறவனுக்கு இது தத்துவம். சீட்டுப் பணத்தில் வாங்கினவனுக்கு இது வயிற்றெரிச்சல்.

மூன்றாவது: “எண்ணெய்தானே, ஒரு தட்டில் ஊற்றி ராத்திரி முழுக்க பேட்டை நிற்க வைத்தால் போச்சு.” ஐயா, தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அடிநுனி வழியாக எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே போகும். காலையில் டோ வீங்கி, எடை கூடி, பந்து பட்டால் ‘டொக்’ என்பதற்குப் பதிலாக ‘சொத்’ என்று சத்தம் வரும். பழக்காமல் விடுவதும் கொலை, இதுவும் கொலை. முன்னது திடீர்ச் சாவு, பின்னது மெதுவான சாவு.

நான்காவது: “எவ்வளவு பழக்கினாலும் உடையுற பேட் உடையத்தான் செய்யும்.” இதை ஒப்புக் கொள்கிறேன். பழக்கின பேட்டும் உடையும். நடராஜன் மாதிரி ஒருவர் யார்க்கர் போட்டால் எந்த டோவுக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால் ஹெல்மெட் போட்டவனும் விபத்தில் சாகிறான் என்பதற்காக யாராவது ஹெல்மெட்டைக் கழற்றி வீசுகிறோமா? சரி, அந்த உதாரணம் நம்ம ஊரில் எடுபடாது, விட்டுவிடுவோம் :-)

ஒரு கணக்கு

எங்கள் வகுப்பில் முதல் வருடமே நடத்தின பாடம். ஒரு சொத்தின் அடக்கவிலை என்பது கடைக்காரனுக்குக் கொடுத்த பணம் மட்டும் இல்லை. கொண்டு வந்து சேர்க்கிற கூலி, நிறுவுகிற செலவு, ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கிற செலவு எல்லாம் அதில் சேரும். நாம் நினைத்த வேலைக்கு அது தயாராகும் வரை ஆகிற செலவு அத்தனையும் சொத்தின் விலைதான். கணக்கியல் தரம் 10 சொல்வது இதைத்தான். பழைய மெஷின் வாங்கி, ஓட்டுவதற்கு முன்னால் செய்த ரிப்பேர் மூலதனச் செலவு, ஓட ஆரம்பித்த பின் செய்கிற ரிப்பேர் வருவாய்ச் செலவு என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருப்போமே, அதேதான்.

அப்படிப் பார்த்தால் என் நண்பன் வாங்கினது 9,500 ரூபாய் பேட் இல்லை. பிறகு நான் என் பேட்டுக்காக மரச் சுத்தியல் 250 ரூபாய்க்கும், எண்ணெய் 120 ரூபாய்க்கும் வாங்கினேன். மொத்தம் 370. அவன் பேட் விலையில் நூற்றுக்கு நாலு ரூபாய்கூட வராது. அதோடு ஆறு மணி நேர உழைப்பு. பேட்டின் உண்மையான விலை 9,870 ரூபாயும் ஆறு மணி நேரமும். கடைக்காரர் அதில் முதல் பகுதியை மட்டும் பில் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். விலையைப் பாதி சொல்லி விற்பது நேர்மையான வியாபாரம் ஆகுமா?

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. வாங்குகிற பொருளின் தரம், தன்மை பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது. சரியாகப் பயன்படுத்தப் போதுமான வழிமுறை கொடுக்காத தயாரிப்பாளர், அதனால் வருகிற தீங்குக்குப் பொறுப்பு என்றும் இருக்கிறது. ஆஹா என்று துள்ளினால், தீங்கு என்பதில் அந்தப் பொருளுக்கே வந்த சேதம் சேராது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதாவது பேட் சிதறி யாராவது மண்டை உடைந்தால் அந்தப் பிரிவில் கேட்கலாம், பேட் மட்டும் உடைந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே கோர்ட்டு, கேஸ் என்று போகச் சொல்லவில்லை. நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம், கடைசியில் சொல்கிறேன்.

பனியில் ஒரு உதாரணம்

கொஞ்சம் விலை குறைந்த பேட்டுகள் காஷ்மீர் வில்லோ. ஸ்ரீநகர் - ஜம்மு சாலையில், அனந்தநாக் மாவட்டத்தில், சங்கம் என்ற ஊர்ப் பக்கம் போனால் சாலை நெடுக பேட் கடைகள். (அதற்கும் லெதர் பந்து என்றால் பழக்கம் வேண்டும். இங்கிலீஷ் வில்லோவைவிடக் கனமான, கட்டியான மரம் என்பதால் விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.) அதே காஷ்மீரில் குல்மார்க்கில் இன்னொரு விளையாட்டு, பனிச்சறுக்கு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவில் இருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் காஷ்மீர்க்காரர்தான்.

அந்தச் சறுக்குப் பலகைக்கும் இதே கதைதான். காலில் மாட்டுகிற நீளப் பலகையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பூச்சு, பாலிஎத்திலீன். கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளது. புதுப் பலகை வாங்கினால் அப்படியே பனியில் இறங்க மாட்டார்கள். மெழுகை இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றால் உருக்கித் தேய்த்து, ஆறவிட்டு, சுரண்டி எடுத்து, பிரஷ் போட்டு, மறுபடியும் மெழுகு. இப்படிப் பல தடவை. தொழிற்சாலையில் பூசி அனுப்புகிற மெழுகு கடை அலமாரி வரைக்கும் தாங்குவதற்குத்தான், சறுக்குவதற்கு இல்லை என்று பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும். பழக்காத பலகை பனியில் பிடித்து இழுக்கும், அடிப்பாகம் சீக்கிரம் வறண்டு போகும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கேயும் சிக்கல் ஒன்றேதான். பயிற்சியாளர் வைத்திருக்கிறவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். தனியாகக் கடைக்குப் போய் ஆசையோடு வாங்குகிறவனுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

இதில் அடிபடுவது யார்?

சென்னையில் அகாடமியில் சேர்ந்த பையன் புது பேட்டை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப் போனால், கோச் பேட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு “போய் நாக்கிங் பண்ணிட்டு வா” என்று விரட்டிவிடுவார். அல்லது அங்கேயே காசு கொடுத்தால் தட்டித் தர ஆள் இருக்கும். அவனுக்கு இந்த விஷயம் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

நம்ம பக்கத்துப் பையன் கதை வேறு. பதினெட்டு வயது வரை டென்னிஸ் பந்து. கண்மாயில், கல்லூரி மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில். 2016-இல் டி.என்.பி.எல். வந்த பிறகு, சின்ன ஊர்ப் பையன்களும் டி.வி.யில் தெரிய ஆரம்பித்த பிறகு, எல்லாருக்கும் ஒரு ஆசை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து போட்டுக்கொண்டிருந்த நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியா தொடரில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகம் ஆனபோது, அந்த ஆசை இரண்டு மடங்கானது. நாமும் லெதர் பந்துக்கு மாறலாமே என்று. மாறுகிற அந்த ஒரு நாளில்தான் முதல் இங்கிலீஷ் வில்லோ பேட் வாங்குகிறான். வாழ்க்கையில் அதுவரை அவன் வாங்கினதிலேயே விலை உயர்ந்த பொருள் அதுதான். அவன் அப்பாவும் விளையாடினதில்லை, பக்கத்து வீட்டு அண்ணனும் விளையாடினதில்லை. கேட்க ஆள் இல்லை. அவனுக்கு இருக்கிற ஒரே வழிகாட்டி பேட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். அது பொய் சொல்கிறது.

தெரிந்தவன் பேட் இரண்டு மூன்று சீசன் ஓடுகிறது. தெரியாதவன் பேட் ஒரு காலை ஓடுகிறது. வசதி இருக்கிறவன் ஒரு தடவை வாங்குகிறான், வசதி இல்லாதவன் இரண்டு தடவை வாங்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவது தடவை வாங்க முடியாது, அத்தோடு டென்னிஸ் பந்துக்கே திரும்பிவிடுகிறான். என் நண்பன் அந்த நிலைமையில்தான் இருக்கிறான்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. மேட்ச் அன்று காலையில் உறை பிரித்த பேட்டை ஆளாளுக்கு வாங்கித் தட்டிப் பார்த்து “செம பிங் மாப்ள, இன்னைக்கு பிரிச்சிரு” என்று சொன்னது நாங்கள்தான். நானும்தான். பேட்டைத்தான் பிரித்துவிட்டான்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

கோபப்பட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லாமல் போனால் கடைக்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே:

1. எண்ணெய்: சுத்தமான, காய்ச்சாத ஆளி விதை எண்ணெய். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் பெரும்பாலும் ‘டபுள் பாயில்டு’ தருவார்கள். அது சீக்கிரம் காய்வதற்காகச் சரக்கு சேர்த்தது, கதவு ஜன்னலுக்கு. பேட்டுக்கு வேண்டாம். ‘ரா’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

2. பூசுவது: ஒரு டீஸ்பூன் அளவு. முகம், ஓரங்கள், டோ, முதுகு. கைப்பிடி மரம் சேருகிற ஆப்பு இடத்தில் (ஸ்ப்லைஸ்) படக்கூடாது, பசை விட்டுவிடும். படுக்க வைத்து ஒரு நாள் விடுங்கள். மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு. போதும். முகத்தில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி வந்திருந்தால், திறந்திருக்கிற மரத்தில் மட்டும்.

3. தட்டுவது: முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலமாக. முகம் முழுக்க. ஓரங்களைச் சாய்வாகத் தட்டி லேசாக உருட்டிவிட வேண்டும். ஓரத்திலும் டோவிலும் நேருக்கு நேராக அடிக்கக் கூடாது. முதுகில் தட்டவே கூடாது. மொத்தம் ஆறு மணி நேரம். தினம் அரை மணி என்றால் 12 நாள். சுத்தியல் வாங்கக் காசில்லையா, பழைய லெதர் பந்தை ஒரு சாக்ஸில் போட்டு முடிச்சுப் போட்டுத் தட்டுங்கள்.

4. சோதனை ஓட்டம்: பழைய, மெத்தென்ற லெதர் பந்தை யாரையாவது மெதுவாகப் போடச் சொல்லித் தடுத்து ஆடுங்கள். தையல் தடம் ஆழமாகப் பதிந்தால் பேட் இன்னும் தயாராகவில்லை. மறுபடி மூன்றாவது படிக்கு.

5. டோவுக்கு ஒரு ரப்பர் காப்பு ஒட்டுங்கள். ஈரத் தரையில் பேட்டை ஊன்றித் தட்டுகிற பழக்கத்தை விடுங்கள்.

இதில் என்ன ராக்கெட் ரகசியம் இருக்கிறது? ஒரு துண்டுச் சீட்டில் அடங்கிவிடுகிறது. அதைத்தான் கேட்கிறேன். பேட் விற்கிற ஒவ்வொரு கடையும், பேட்டோடு தமிழில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். பட்டாசுப் பெட்டியிலேயே எப்படிக் கொளுத்துவது என்று படம் போட்டு அச்சடிக்கிற மாவட்டம் இது. சிவகாசி ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஒரு சீட்டுக்கு எத்தனை பைசா ஆகிவிடும்? ஸ்டிக்கர் ஒட்ட முடிகிறவர்களுக்குச் சீட்டு வைக்க முடியாதா? பேட் கம்பெனிக்காரர்களும் ‘ரெடி டு ப்ளே’ என்று போடுவதானால், எத்தனை மணி நேரம் தட்டினோம், இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி என்று கீழே போடட்டும். போட முடியாவிட்டால் அந்த ஸ்டிக்கரை எடுத்துவிடட்டும்.

சீட்டு வரும் வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் டீமில் ஒரு விதி போட்டுவிட்டோம். புது பேட்டோடு வருகிறவன் முதலில் அதைக் காட்ட வேண்டும், தையல் தடம் பதியாத பேட் மட்டும்தான் மேட்சுக்கு. அதுவரை டீம் பேட்டில் ஆட வேண்டும். சுத்தியல் ஒன்று, டீம் கிட் பையிலேயே கிடக்கிறது. நான் ராத்திரி மாடியில் தட்டிக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டு அத்தை “என்னப்பா, பத்து மணிக்கு மேல உரல்ல என்னத்த இடிக்கிற?” என்று கேட்டார். “பேட்டைப் பழக்குறேன் அத்தை” என்றேன். தோசைக்கல் பழக்கினவர், அதனால் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

உடைந்த பேட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பிளவில் மரப்பசை விட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைத்து, அதன் மேல் பேண்டேஜ் துணி சுற்றியிருக்கிறான். அவன் அம்மா தறியில் இருந்து கொண்டு வந்த துணி. டென்னிஸ் பந்துக்குத் தாங்குகிறது. ‘ரெடி டு ப்ளே’ ஸ்டிக்கர் மட்டும் ஒரு கீறல் விழாமல் அப்படியே இருக்கிறது.

பி.கு.: ஆளி விதை எண்ணெய் துடைத்த பஞ்சையோ துணியையோ சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கக் கூடிய சரக்கு அது. விரித்துக் காயப்போட்டு, அல்லது தண்ணீரில் நனைத்து, அப்புறம் குப்பையில் போடுங்கள். கழிவுப் பஞ்சு வீட்டுக்கு வீடு கிடக்கிற ஊர் நம்முடையது. இதையும் எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.